பிரம்பை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்: சென்னைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கும் வகுப்பு ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

அரையாண்டுத் தேர்வும் விடுமுறையும் முடிந்து பள்ளி திறந்தால், பொங்கலுக்கு முந்தைய அந்தச் சில நாட்களில் சென்னையில் பல பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் நடக்கும். ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட அம்மாக்கள் வேலையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வருவார்கள். மாநகராட்சி, உதவிபெறும் பள்ளி, மெட்ரிக், சி.பி.எஸ்.இ. என்று எத்தனை வகை இருந்தாலும் அந்த நாள் நடக்கிற விதம் ஏறக்குறைய ஒன்றுதான். அன்றைக்கு நீங்கள் பேசும் விதத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பள்ளிப் பிள்ளைகளோடு பேசுகிற ஆலோசகர். தண்டையார்பேட்டையிலிருந்து துரைப்பாக்கம் வரை பல பள்ளிகளுக்குப் போய்வருகிறேன். கூட்டம் நடந்த மறுநாளும் அதற்கடுத்த சில நாட்களும் என்னிடம் வரும் பிள்ளைகள் அதிகம். "பக்கத்துல உட்கார்ந்தவனை அடிச்சிட்டான் மேடம்", "வயித்து வலின்னு டெஸ்க்குல படுத்துக்கிறா", "நல்லாத்தான் இருந்தான், ரெண்டு நாளா வாயே தொறக்க மாட்றான்" என்று நீங்களேதான் அனுப்பிவைக்கிறீர்கள். அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மெல்லப் பேசினால், முந்தைய நாள் சாயங்காலம் வீட்டில் நடந்தது வெளியே வரும். அது தொடங்கிய இடம் உங்கள் வகுப்பறை மேசை.

கூட்டத்தில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பிள்ளைக்கு இரண்டு மூன்று நிமிடம். பின்னால் வரிசை. பிள்ளை அம்மாவின் பக்கத்திலேயே தலை குனிந்து நிற்கும். நீங்கள் மதிப்பெண்ணைச் சொல்வீர்கள். கணக்கில் இவ்வளவுதான், அறிவியலில் இவ்வளவுதான். பிறகு பேச்சு மதிப்பெண்ணைத் தாண்டிப் போகும். கவனமே இல்லை, பேசிக்கொண்டே இருக்கிறான், ஹோம்வொர்க் எழுதுவதில்லை, வீட்டில் யாரும் பார்ப்பதில்லையா, கொஞ்சம் கண்டிச்சு வைங்கம்மா. பின்னால் நிற்கிற இன்னொரு அம்மாவின் காதிலும் இது விழும். அந்தப் பெண் அதே தெருவில் இருப்பவராக இருப்பார், அல்லது அதே அபார்ட்மென்ட்டில். வந்த அம்மாவுக்கு முகம் கறுத்துப் போகிறது. பள்ளி வாசலைத் தாண்டும் முன்பே முதல் அடி விழுந்துவிடும். சில அம்மாக்கள் உங்கள் எதிரிலேயே அடிப்பார்கள். அடிக்காவிட்டால் பொறுப்பில்லாத தாய் என்று நினைத்துவிடுவீர்களோ என்ற பயம் அவர்களுக்கு.

வீட்டுக்குப் போனால் அது பெரிதாகும். இரவு அப்பா வருகிறார். அம்மா சொல்கிறார். அப்பா பிள்ளையை அடிக்கலாம், அல்லது "நீ வீட்ல இருந்து என்னத்த பார்த்துக்கிற?" என்று அம்மாவின் பக்கம் திரும்பலாம். அம்மா பதில் சொல்வார். பழைய கணக்குகள் எல்லாம் வெளியே வரும். மாமியார் வீட்டுப் பேச்சு, கடன், குடி, யார் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பது. சண்டை இப்போது கணக்குப் பாடத்தைப் பற்றியது இல்லை. ஆனால் ஒரு மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு அது தெரியாது. ஒரு ஏழாம் வகுப்புப் பெண் என்னிடம் சொன்னாள்: "நான் நாப்பது மார்க் எடுத்திருந்தா அப்பா அம்மாவ அடிச்சிருக்க மாட்டாரு மிஸ்."

இந்த ஒரு வாக்கியத்தில் இருப்பதைக் குழந்தை உளவியலாளர்கள் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். மார்க் கம்மிங்ஸும் பேட்ரிக் டேவிஸும் 1994-ல் முன்வைத்த விளக்கம் எனக்கு மிகவும் பயன்பட்டிருக்கிறது. அப்பா அம்மா உறவு தன் தலைக்கு மேல் உள்ள கூரை என்று பிள்ளை உணர்கிறது. அந்தக் கூரை ஆடும்போது அதைத் தாங்கிப் பிடிக்கத் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்யும். ஒரு பிள்ளை நடுவில் புகுந்து தடுக்கும். ஒரு பிள்ளை வேண்டுமென்றே எதையாவது உடைத்துக் கவனத்தைத் தன் பக்கம் திருப்பும். இன்னொன்று சத்தமே இல்லாமல் ஒடுங்கிவிடும். காது முழுக்க வீட்டின் மேலேயே இருக்கும் பிள்ளைக்கு நண்பர்களோடு விளையாட, பாடத்தைக் கவனிக்க, தூங்க எங்கே மிச்சம் இருக்கும்? உங்கள் வகுப்பில் "கவனமே இல்லை" என்று நீங்கள் எழுதும் பிள்ளைகளில் சிலர் முழுக் கவனத்தோடுதான் இருக்கிறார்கள். அந்தக் கவனம் வேறு இடத்தில் இருக்கிறது.

அதே ஆய்வுகளில் ஆறுதலான செய்தியும் உண்டு. சண்டையே இல்லாத வீடு எந்த ஊரிலும் இல்லை. பெரியவர்கள் சண்டை போட்டுவிட்டுச் சமாதானம் ஆவதைப் பிள்ளை கண்ணால் பார்த்தால் அதன் பதற்றம் பெருமளவு குறைகிறது. முடியாமல் இழுபடும் சண்டைதான் பிள்ளையைத் தின்கிறது. அதுவும் தன்னைப் பற்றிய சண்டை என்றால், "என்னாலதான்" என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. பெற்றோர் கூட்டத்தன்று இரவு நடக்கும் சண்டை இந்த இரண்டாவது வகை. அதனால்தான் அந்த நாளைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

ஒரு காலத்தில் வீட்டிலிருந்து பள்ளிக்கு ஒரு செய்தி வரும். "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சுடுங்க சார்" என்று பெற்றோர்களே சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். பிறகு சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 2003-ல் கல்வி விதிகளைத் திருத்திப் பள்ளியில் உடல் தண்டனை தடைசெய்யப்பட்டது. 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்துத் தடுத்தது. உங்களில் பெரும்பாலானவர்கள் அதை மதிக்கிறீர்கள். எனக்கு அது தெரியும், அதற்காக நன்றியும் உண்டு. ஆனால் பிரம்பு ஒழியவில்லை, இடம் மாறிவிட்டது. அன்று வீடு பள்ளியிடம் சொன்னதை இன்று பள்ளி வீட்டிடம் சொல்கிறது. "நாங்க கை வைக்க முடியாதும்மா, நீங்கதான் கண்டிக்கணும்" என்ற வாக்கியத்தைக் கேட்கும் அப்பா அதை எப்படிப் புரிந்துகொள்வார் என்று நினைக்கிறீர்கள்?

கண்டிக்கச் சொன்னோம், அடிக்கச் சொல்லவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். நம் வீடுகளில் பலருக்கு இரண்டும் ஒன்றுதான். முருங்கையை ஒடித்து வளர்க்கணும், பிள்ளையை அடித்து வளர்க்கணும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ க்ரோகன்-கெய்லரும் 2016-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு 75 ஆய்வுகளை, ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. காயம் உண்டாக்கும் அடியை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு தட்டு தட்டினேன்" என்று நாம் சாதாரணமாகச் சொல்கிற அளவு அடியைத்தான் பார்த்தார்கள். அந்த அடி பிள்ளையைச் சொல்பேச்சு கேட்பவராக ஆக்கியதற்குச் சான்று கிடைக்கவில்லை. முரட்டுத்தனமும் மனநலச் சிக்கலும் பெற்றோரோடு விலகலும் அடி வாங்கிய பிள்ளைகளிடம் கூடுதலாக இருந்தன.

"அதெல்லாம் வெளிநாட்டுக்காரங்க ஆராய்ச்சி, நம்ம ஊருக்குச் சரிப்படாது" என்ற பதிலை நான் ஆசிரியர் ஓய்வறைகளில் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஜெனிஃபர் லான்ஸ்ஃபோர்டும் அவரது குழுவும் 2005-ல் இந்தியா, சீனா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், கென்யா, இத்தாலி ஆகிய ஆறு நாடுகளின் தாய்மார்களையும் பிள்ளைகளையும் இதற்காகவே ஆராய்ந்தார்கள். எல்லாரும் அடிக்கும் ஊரில் அடி வாங்கும் பிள்ளைக்குப் பாதிப்பு சற்றுக் குறைவு என்பது உண்மை. தன்னை மட்டும் வெறுக்கிறார்கள் என்று அது நினைப்பதில்லை. ஆனால் குறைவுதானே தவிர இல்லாமல் போகவில்லை. அடி அதிகமாக விழும் வீட்டுப் பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் பதற்றமும் கூடுதலாகவே இருந்தன, அடி ஊர் வழக்கமாக இருந்த இடத்திலும்கூட.

இதைப் படிக்கும் தனியார் பள்ளி ஆசிரியர்கள் சிலர், எங்கள் பெற்றோர் படித்தவர்கள், கை நீட்டுவதில்லை என்று நினைக்கலாம். பழைய மகாபலிபுரம் சாலையின் இரு பக்கமும் உள்ள அடுக்ககங்களிலிருந்து வரும் பிள்ளைகளிடம் நான் பார்ப்பது வேறு. அங்கே தழும்பு இருக்காது. ரேங்க் கார்டு வந்த அன்றிலிருந்து அம்மா பேச மாட்டார். சாப்பாடு மேசைக்கு வரும், பேச்சு வராது. அப்பா, "உனக்காகத்தானே இவ்ளோ ஃபீஸ் கட்டறோம், உனக்காகத்தானே அம்மா வேலைய விட்டா" என்பார். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் இப்படிச் சில நாட்கள் இருந்த பிறகு என்னிடம் கேட்டான்: "அடிச்சிட்டாக்கூடப் பரவால்ல மேம், எப்போ பேசுவாங்கன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

பிரையன் பார்பர் என்ற ஆய்வாளர் 1990-களில் இந்த வகைக் கட்டுப்பாட்டைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். பிள்ளை எத்தனை மணிக்கு வர வேண்டும், எவ்வளவு நேரம் செல்போன் பார்க்கலாம் என்று நடத்தைக்கு எல்லை போடுவது ஒன்று. அன்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, குற்ற உணர்ச்சியை ஏற்றி, பிள்ளையின் மனத்தையே பிடித்து நிறுத்துவது இன்னொன்று. முதலாவது பிள்ளையைத் தவறான வழிகளிலிருந்து காக்கிறது. இரண்டாவது உள்ளுக்குள் நொறுக்குகிறது. மனச்சோர்வும் தன்மேல் நம்பிக்கையின்மையும் அதோடு சேர்ந்தே வருகின்றன. வெளியே இந்தப் பிள்ளை "ரொம்ப சமத்து" என்று பெயர் வாங்கியிருக்கும். உங்கள் மேசைக்கு முன்னால் அது எந்தத் தொல்லையும் தராது. அதனாலேயே அது யார் கண்ணிலும் படாது. சமத்துப் பிள்ளைகளைக் கொஞ்சம் கூடுதலாகவே பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்படியானால் செல்லம் கொடுத்து விட்டுவிடுவதா? இல்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் டயானா பாம்ரிண்ட் 1960-களில் மழலையர் பள்ளிப் பிள்ளைகளையும் அவர்கள் வீடுகளையும் கவனித்து எழுதியவை இன்றும் நிற்கின்றன. கண்டிப்பு மட்டும் உள்ள வீடு, செல்லம் மட்டும் உள்ள வீடு, இரண்டிலும் பிள்ளைகள் தடுமாறினார்கள். பாசமும் இருந்து, எல்லையும் இருந்து, அந்த எல்லை ஏன் என்று பிள்ளைக்குச் சொல்லப்பட்ட வீடுகளில் பிள்ளைகள் தன்னம்பிக்கையோடும் பிறரோடு ஒத்துப்போகும் பக்குவத்தோடும் வளர்ந்தார்கள். இதற்குப் பணமோ படிப்போ முன்நிபந்தனை இல்லை. புளியந்தோப்பில் மீன் விற்கிற ஓர் ஆயா தன் பேரனை இப்படித்தான் வளர்க்கிறார். "எட்டு மணிக்கு மேல வெளிய போக்கூடாது, ஏன்னா அந்த முக்குல குடிச்சிட்டு நிப்பானுங்க, உன்னிய இழுத்துக்குவானுங்க, அப்பறம் எனக்கு யாரு கீறா?" எல்லை, காரணம், பாசம் மூன்றும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கின்றன.

இனி நான் சொல்லப்போவது உங்களில் சிலருக்குக் கசக்கலாம். "வளர்ப்பு சரியில்ல" என்று சொல்லாதீர்கள். ஓய்வறையிலும் சொல்லாதீர்கள், ஏனென்றால் அங்கே சொல்லிப் பழகியது மேசையில் வந்துவிடும். அது உண்மையும் இல்லை. பிள்ளைகள் பிறக்கும்போதே வேறு வேறு சுபாவத்தோடு பிறக்கிறார்கள். நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸும் ஸ்டெல்லா செஸ்ஸும் 1956-ல் தொடங்கிய நீண்ட ஆய்வு கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே இதைப் பின்தொடர்ந்து பார்த்தது. சட்டென்று சூடாகும் பிள்ளை, புதியதைக் கண்டால் ஒதுங்கும் பிள்ளை, எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகும் பிள்ளை என்று சுபாவங்கள் உண்டு. பிள்ளையின் சுபாவமும் வீட்டின் எதிர்பார்ப்பும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதே முக்கியம் என்றார்கள். ஒரே அம்மாவிடம் வளர்ந்த அக்காவும் தம்பியும் இரண்டு விதமாக இருப்பதை நீங்கள் உங்கள் வகுப்புகளிலேயே பார்க்கிறீர்கள். பெற்றோர் பிள்ளையை உருவாக்குகிறார்கள் என்பது பாதி உண்மை. பிள்ளையும் பெற்றோரை உருவாக்குகிறது. துறுதுறுப்பான பையன் கத்துகிற அம்மாவை உண்டாக்குகிறான்; கத்தல் அவனை இன்னும் துறுதுறுப்பாக்குகிறது. இந்தச் சுழலை யாராவது வெளியிலிருந்து தளர்த்த வேண்டும். தளர்த்தக்கூடியவர் நீங்கள்.

வீட்டுக்கும் நேரத்துக்கும் உள்ள உறவையும் எண்ணிப் பாருங்கள். கூவம் கரையிலிருந்து பெயர்த்துக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களில் பலருக்கு வேலை இன்னும் ஊருக்குள்தான். வீட்டு வேலை செய்யும் அம்மா விடியும் முன் பஸ் ஏற வேண்டும். 2021-லிருந்து சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அது பெரிய உதவி. ஆனால் தூரம் தூரம்தான். அவர் திரும்பும்போது இருட்டிவிடும். பிள்ளையோடு அவருக்குக் கிடைக்கும் நேரம் சோறு போடும் நேரம் மட்டுமே. அந்த நேரத்தையும் "ஏன் எழுதல, ஏன் படிக்கல" என்ற விசாரணையாக உங்கள் கூட்டம் மாற்றிவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022-ல் காலை உணவுத் திட்டம் வந்த பிறகு, காலையில் சாப்பாட்டுக்காக நடக்கும் கத்தல் குறைந்திருக்கிறது என்று அம்மாக்கள் என்னிடம் சொல்கிறார்கள். வயிற்றுக்குத் தந்த திட்டம் உறவுக்கும் உதவியிருக்கிறது.

பணமுடை பெற்றோரை எப்படி மாற்றுகிறது என்பதை ராண்ட் காங்கரும் க்ளென் எல்டரும் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1980-களின் விவசாய நெருக்கடியை வைத்துக் காட்டினார்கள். கடன் பெற்றோரின் மனத்தைச் சோர்வாக்கியது. சோர்வு கணவன் மனைவிக்குள் சண்டையானது. சண்டை பிள்ளைமேல் எரிச்சலானது. பிள்ளை பள்ளியில் தடுமாறியது. சோளம் விளைவிக்கிற ஊரின் கதையில் நான் வியாசர்பாடியைப் பார்த்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியபோது அரையாண்டுத் தேர்வே தள்ளிப்போனது உங்களுக்கு நினைவிருக்கும். புத்தகம் நனைந்த பிள்ளைகளுக்குப் புதுப் புத்தகம் கொடுத்தோம். ஃபிரிட்ஜும் மெத்தையும் தையல் மெஷினும் போன வீட்டில் அதற்குப் பிறகு பல மாதம் நடந்த சண்டைகளுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. அடுத்து வந்த ரேங்க் கார்டுகளில் விழுந்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்தோம்.

உங்கள் பாரமும் எனக்குத் தெரியும். எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, பயிற்சி வகுப்பு, தேர்தல் பணி, ஒரு வகுப்பில் நாற்பது ஐம்பது பிள்ளைகள். இதில் ஒவ்வொரு வீட்டையும் எங்கே போய்ப் பார்ப்பது என்று நீங்கள் கேட்பது நியாயம். நான் கூடுதல் நேரம் கேட்கவில்லை. அதே மூன்று நிமிடத்தை வேறு மாதிரி செலவழியுங்கள் என்கிறேன்.

முதலில் பிள்ளையைப் பற்றி நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லுங்கள். பொதுவான பாராட்டு வேண்டாம். பெற்றோர் அதை நம்ப மாட்டார்கள். மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை ஒருவர் இதற்காகவே ஒரு நோட்டு வைத்திருக்கிறார். மாதத்தில் ஒரு நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி எழுதிவைப்பார். கூட்டத்தில் ஒரு அம்மாவிடம், "போன வாரம் ஒண்ணாம் கிளாஸ் புள்ள ஒண்ணு அழுதுக்கிட்டு நின்னுச்சு, உங்க பொண்ணுதான் கைய புடிச்சுக் கூட்டிட்டுப் போய் அதோட மிஸ்கிட்ட விட்டா" என்று சொன்னதை நான் அருகில் இருந்து கேட்டேன். அந்த அம்மா பூ கட்டி விற்பவர், திட்டு வாங்கத் தயாராக வந்து நின்றவர். அன்று கணக்கில் மகள் தவறியதைப் பற்றியும் அவர்தான் முதலில் பேச ஆரம்பித்தார். என்ன செய்யலாம் மிஸ் என்று கேட்டார். மதிப்பெண்ணைப் பற்றிய பேச்சு அங்கே நடக்காமல் போகவில்லை. இரண்டு பேர் ஒரே பக்கம் உட்கார்ந்து பேசிய பேச்சாக இருந்தது.

அடுத்தது, கேள்வி. "சாயங்காலம் வீட்டுக்கு வந்தா என்ன செய்வான், யாரோட இருப்பான்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், பாதி விஷயம் தெரிந்துவிடும். யாரும் இல்லாத வீடு, கைக்குழந்தையான தங்கை, இரவு ஷிஃப்ட் போகும் அப்பா, பிரிந்து போன அம்மா என்று எதுவாகவும் இருக்கலாம். கேட்டுவிட்டு அறிவுரை சொல்ல வேண்டியதில்லை. தெரிந்துகொண்டால் போதும், நீங்கள் அந்தப் பிள்ளையைப் பார்க்கும் பார்வை தானாக மாறும்.

பிள்ளையின் குறையைப் பிள்ளையை நிறுத்திவைத்துக்கொண்டு அடுத்தவர் காதில் விழும்படி பேசாதீர்கள். வரிசை வகுப்பறைக்கு வெளியே நிற்கட்டும். ஒரு குறைக்கு மேல் சொல்லாதீர்கள். ஏழு குறையோடு வீட்டுக்குப் போகும் பெற்றோரால் ஏழையும் திருத்த முடியாது, கோபப்பட மட்டும்தான் முடியும். பக்கத்துப் பிள்ளையின் மதிப்பெண்ணை எடுக்கவே எடுக்காதீர்கள். எழுந்து போகும் முன், "வீட்டுக்குப் போய் அடிக்காதீங்க, திட்டாதீங்க. இதை நானும் நீங்களும் அவனும் சேர்ந்து பார்த்துக்கலாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இதை நீங்கள் சொல்லாமலே அவர்களுக்குப் புரியும் என்று விட்டுவிடாதீர்கள். ஆசிரியர் சொல்லுக்கு நம் ஊரில் இன்னும் மரியாதை இருக்கிறது. அடிக்கச் சொன்னால் அடிக்கும் அப்பா, அடிக்காதே என்றாலும் கேட்பார். நான் பார்த்திருக்கிறேன்.

அப்பாக்கள் வருவதில்லை என்று குறைப்படுகிறோம். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் ஆட்டோ ஓட்டுபவரும் வர மாட்டார், ஐ.டி. கம்பெனியில் இருப்பவரும் வர மாட்டார். சனிக்கிழமை மாலை வையுங்கள். ஆசிரியர்களுக்கு அதற்கு ஈடுசெய் விடுப்பு கொடுங்கள். இது தலைமை ஆசிரியர்களும் நிர்வாகங்களும் செய்து தர வேண்டியது. அம்மா அப்பா இருவரும் இல்லாத பிள்ளைக்குப் பாட்டியோ சித்தியோ மாமாவோ வந்தால், "பேரன்ட்ஸ் வரலையா?" என்று கேட்காதீர்கள். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-ல் பிறந்த 698 பிள்ளைகளை எம்மி வெர்னர் நடுவயது வரை பின்தொடர்ந்தார். வறுமை, குடி, பிளவுபட்ட குடும்பம் என்று எல்லாம் ஒன்றுசேர்ந்த பிள்ளைகளிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நல்ல, அக்கறையுள்ள மனிதராக எழுந்து நின்றார்கள். அவர்களிடம் பொதுவாகக் கண்டவற்றில் ஒன்று, நிலையாக அன்பு காட்டிய ஒருவராவது இருந்தார் என்பது. அது பெற்றோராகவே இருக்கவேண்டியதில்லை. பாட்டியாக இருந்தது, சில பிள்ளைகளுக்கு ஆசிரியராகவும் இருந்தது. ரேங்க் கார்டு வாங்க வந்து நிற்கும் பாட்டி அந்தப் பிள்ளைக்கு யார் என்று இப்போது புரிந்திருக்கும்.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர்; பாதிப்பேர் பெண்கள். கழிப்பறை, சுற்றுச்சுவர் பேச்சு முடிந்ததும் அந்தக் கூட்டத்தில் ஒரு பத்து நிமிடம் வீட்டைப் பற்றிப் பேசலாம். பிள்ளை பொய் சொன்னால் என்ன செய்கிறீர்கள் என்று ஒரு கேள்வி போட்டால் அம்மாக்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்வார்கள். எனக்கு அங்கே கிடைத்த யோசனைகள் பயிற்சி வகுப்புகளில் கிடைத்ததில்லை.

ஒரு எச்சரிக்கை. வீட்டுக்குப் போகவே நடுங்கும் பிள்ளை, உடம்பில் காயத்தோடு வரும் பிள்ளை, யாரோ தொட்டதைச் சொல்ல முயலும் பிள்ளை என்றால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. வீட்டுக்குத் தகவல் அனுப்பாதீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ அழையுங்கள், பாலியல் குற்றம் என்றால் 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி புகார் செய்வது உங்கள் கடமை. தானே செத்துப்போகலாம் என்று பேசும் பிள்ளையைத் தனியே விடாமல், அன்றே மருத்துவரிடம் சேர்க்க ஏற்பாடு செய்யுங்கள். யோசனை கேட்க மனநல உதவி எண் 14416 எந்த நேரமும் இருக்கிறது. மாணவர்களுக்கான உதவி எண் 14417-ஐ வகுப்புச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள்.

பெற்றோருக்கு அனுப்பும் அழைப்புச் சீட்டு ஒன்றை எழுதித் தருகிறேன். வழக்கமான சீட்டில் "தவறாமல் வரவும், வராத பெற்றோரின் பிள்ளைகள் வகுப்பில் அனுமதிக்கப்பட மாட்டார்கள்" என்று இருக்கும். அதற்குப் பதிலாக இதை அனுப்பிப் பாருங்கள்:

"பிள்ளையை வளர்ப்பவர்களுக்கு வணக்கம். பள்ளி திறந்ததும் வரும் முதல் சனிக்கிழமை மாலை நான்கு மணியிலிருந்து ஏழு மணிக்குள் உங்களுக்கு வசதியான நேரத்தில் பள்ளிக்கு வாருங்கள். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, யார் வந்தாலும் சரி. உங்கள் பிள்ளையைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததை நாங்கள் சொல்கிறோம், உங்களுக்குத் தெரிந்ததை நீங்கள் சொல்லுங்கள். தேர்வில் மதிப்பெண் குறைந்திருந்தால் அதற்காக வீட்டில் யாரும் பிள்ளையை அடிக்கவோ பேசாமல் இருக்கவோ வேண்டாம். என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்போம். அன்று வர முடியாதவர்கள் வகுப்பு ஆசிரியருக்கு போன் செய்தால் போதும்."

இதில் எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள், அடிக்கவோ பேசாமல் இருக்கவோ வேண்டாம் என்ற வரியைத் தவிர. விடுமுறைக்கு முன்பே அச்சடித்துப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டால், ரேங்க் கார்டு வருவதற்கு முன் அது வீடு போய்ச் சேர்ந்துவிடும்.

அன்புடன்,
பள்ளிப் பிள்ளைகளின் ஆலோசகர் ஒருவர்,
சென்னை